சேர்மன் சிலையின் பாதம்: நிறுவி, இறக்கி, மீண்டும் நிறுவிய ஒரு வெண்கலச் சிலை

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மேயர் என்ற பதவி புதிது. நாகர்கோவில் மாநகராட்சியானது 2019இல். முதல் மேயர் வந்தது 2022இல். அதற்கு முன்பும், மற்ற ஊர்களில் இன்றைக்கும், ஊர்ப் பொறுப்பு நகர்மன்றத் தலைவருடையது. பேச்சு வழக்கில் அவர் 'சேர்மன்'. மூன்று முறை அந்தப் பொறுப்பில் இருந்து மறைந்த ஒருவருக்கு மாவட்டத்தின் நகராட்சி ஒன்றில் வெண்கலச் சிலை வைத்தார்கள். மூன்றாம் ஆண்டில் அதை இறக்க வேண்டியதாயிற்று. என்ன நடந்தது, எதனால் நடந்தது என்பதன் பதிவு இது. ஊரின் பெயரும் ஆட்களின் பெயரும் தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி

சிலைக் குழுவில் பதினொரு பேர். வியாபாரிகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மறைந்தவரின் மகன், இரண்டு முன்னாள் உறுப்பினர்கள். பணம் நன்கொடை. முதலில் கேட்ட இடம் பேருந்து நிலையத்தை ஒட்டிய முக்குச் சந்திப்பு. ஊருக்கு அவர் கொண்டுவந்த குடிநீர்க் குழாய் முதலில் வந்து சேர்ந்த இடம் அது என்பதால், அந்த ஆசையில் நியாயம் இருந்தது.

அனுமதி கிடைக்கவில்லை, கிடைக்கவும் வழியில்லை. பொதுச் சாலை, நடைபாதை, சாலையோரம், பொதுப் பயன்பாட்டு இடங்களில் சிலை நிறுவ மாநில அரசுகள் அனுமதி தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரி 18 அன்று ஆணையிட்டது. கேரள எல்லையான களியக்காவிளை தாண்டிச் சற்றுத் தூரத்தில் இருக்கும் நெய்யாற்றின்கரையில், தேசிய நெடுஞ்சாலையோரம் ஒரு தலைவருக்குச் சிலை வைக்கத் தந்த அனுமதியை ஒட்டித்தான் அந்த ஆணையே வந்தது. பக்கத்து ஊர்ச் சங்கதியாக இருந்தும் குழுவில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. நெடுஞ்சாலைத் துறைக்கும் காவல் துறைக்கும் மனுப் போட்டே எட்டு மாதம் போயிற்று.

பிறகு, படிப்பகம் ஒன்றை ஒட்டிக் குடும்பத்தார் பெயரில் பட்டா இருந்த ஒன்றரை சென்ட் நிலம் தேர்வானது. சொந்தப் பட்டா நிலம்தானே, அனுமதி எதற்கு என்ற கேள்வி அங்கேயும் எழுந்தது.  பட்டா நிலமானாலும் வட்டாட்சியரின் நில அறிக்கை, காவல் துறையின் தடையின்மை, மாவட்ட ஆட்சியரின் பரிந்துரை, அரசின் அனுமதி என்ற வரிசையில்தான் போக வேண்டியிருந்தது. சட்டம் ஒழுங்குக்காகக் காவல் துறை கம்பிக் கூண்டு கேட்டது. குடும்பத்தார் மறுத்தார்கள். ஏழடிப் பீடம், சுற்றுமதில், கேமரா, இரவு விளக்கு என்று சமரசமானது. கூண்டு வேண்டாம் என்றது வேறொரு காரணத்துக்காகவும் நல்லதாயிற்று: இரும்புக் கூண்டின் துரு சிலைமேல் ஒழுகியிருக்கும்.

எதில் செய்வது

பேச்சில் நான்கு பொருள்கள் அடிபட்டன. சிமெண்டில் செய்து வெண்கல வண்ணம் பூசலாம் என்பது மலிவான வழி. உள்கம்பி துருத்தால் ஐந்தாறு வருடத்தில் விரல் முதலில் வெடிக்கும். ஃபைபர் வெயிலில் வெளிறும். மூன்றாவது கல். கற்சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற மயிலாடி அந்த ஊரிலிருந்து அரை மணி நேரப் பயணம். வேட்டி தரைவரை இறங்கும் நின்ற கோலத்துக்குக் கல் பொருத்தமும்கூட. வேட்டியே முட்டுக் கொடுத்துவிடும். 'மூக்குக்கண்ணாடி கல்லில் வராது' என்ற ஒரே காரணத்தால் அதை ஒதுக்கினார்கள். கல்லுக்கும் பராமரிப்பு உண்டு என்பது உண்மைதான். 133 அடி வள்ளுவர் சிலையில் ஏறும் உப்பைக் காகிதக் கூழ் அப்பி உறிஞ்சி எடுத்து, மேலே ரசாயனம் பூசுவது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் வேலை. ஆனால் கல் உள்ளிருந்து துருப்பிடிப்பதில்லை.

'தலைவர் சிலைன்னா வெண்கலம்தான்' என்று முடிவாயிற்று. எட்டடி உயரம், சுவர்க்கனம் 5 முதல் 6 மில்லிமீட்டர், உள்சட்டம் உட்பட எடை சுமார் 350 கிலோ. வெளிமாவட்டப் பட்டறை ஒன்றுக்கு வேலை கொடுக்கப்பட்டது.

இங்கே ஒரு விஷயம். கோயில் விக்கிரகம் பெரும்பாலும் கனமாக, உள்ளே வெற்றிடம் இல்லாமல் வார்க்கப்படுகிறது. தலைவர் சிலை பொள்ளலாக வார்க்கப்படுகிறது. களிமண் மாதிரி, அதன்மேல் பிளாஸ்டர் அச்சு, அச்சுக்குள் மெழுகு, மெழுகுக்குள் செங்கல் தூளும் பிளாஸ்டரும் சேர்ந்த உள்கரு. மெழுகை உருக்கி வெளியேற்றிய இடைவெளியில் உலோகம். தலை, உடல், கைகள், வேட்டி, பாதங்கள் எனத் தனித்தனியாக ஊற்றி, ஆர்கான் வெல்டிங்கில் சேர்த்து, பற்று (இணைத்த இடம்) தெரியாமல் ராவி, நிறமேற்றுகிறார்கள். ஆகவே நிற்பது ஒரு குடம். குடத்துக்குள் தண்ணீர் போனால் வெளியேற வழி வேண்டும்.

களிமண் மாதிரி பார்க்கக் குழு மூன்று முறை பட்டறைக்குப் போனது. முதல்முறை தாடை, இரண்டாம் முறை கண்ணாடியின் சட்டம், மூன்றாம் முறை துண்டு எந்தத் தோளில் என்பது. வலக்கை உயர்த்திப் பேசும் பாவனையைக் குடும்பத்தார் விரும்பினார்கள். பாதத்துக்குள் என்ன வைக்கிறீர்கள், பீடத்தில் எப்படிப் பிணைக்கிறீர்கள் என்று மூன்று பயணத்திலும் யாரும் கேட்கவில்லை. ஒப்பந்தத்தில் அதற்கு இருந்த சொற்கள் மூன்றே: 'உள்சட்டம் பட்டறை பொறுப்பு'.

கல்வெட்டுத் தகராறு

வரைவில் இருந்த வாசகம்: 'தொடர்ந்து 20 ஆண்டுகள் நகர்மன்ற தலைவர்'. அதில் தவறு மூன்று. அவர் இருந்தது 1986 முதல் 1991 வரையும், 1996 முதல் 2001 வரையும், 2001 முதல் 2006 வரையும். 1991க்கும் 1996க்கும் இடையே தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தலே இல்லை. நகராட்சிகளைத் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். ஆகவே 'தொடர்ந்து' என்பதும் தவறு, '20' என்பதும் தவறு. ஊர் நினைவில் அந்த இடைவெளி அழிந்துபோயிருந்தது. அப்போதும் ஜனங்கள் அவர் வீட்டுத் திண்ணைக்குத்தான் போனார்கள். மூன்றாவது தவறு விடுபட்ட 'த்'. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் அதற்காக ஒரு கூட்டத்தையே எடுத்துக்கொண்டார்.

பிறந்த ஆண்டு இன்னும் சிக்கல். ஜாதகத்தில் கொல்லம் 1107 ஆவணி என்றிருந்தது. குமரி மாவட்டம் முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது என்பதால் பழைய ஜாதகமும் ஆவணமும் கொல்லம் ஆண்டில்தான் கிடைக்கும். குழு 825ஐக் கூட்டி 1932 என்று எழுதியது. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பதால், ஆவணி முதல் மார்கழி பாதிவரை 824ஐக் கூட்ட வேண்டும். அதன் பிறகு 825. சரியான ஆண்டு 1931. பதவிக்காலத்தைத் திருத்தினார்கள். பிறந்த ஆண்டு, நாள் நெருக்கடியில் 1932 என்றே வெட்டப்பட்டது.

நிறுவுதல்

திறப்பு நாள் முதலில் குறிக்கப்பட்டது, வேலை அதற்குள் திணிக்கப்பட்டது. பீடம் 2.1 மீட்டர் உயரக் கான்கிரீட். மேலே 20 மில்லிமீட்டர் கிரானைட் ஒட்டு. லாரித் தண்ணீர் தாமதமான இரண்டு நாளும் போர்வெல் தண்ணீரில் கலவை போட்டார்கள். கம்பிக் கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. தண்ணீரைச் சோதிக்கவில்லை. முதல் மழைக்குப் பிறகு கிரானைட் இடுக்கில் வெள்ளையாகப் பூத்ததைப் பார்த்துக் கொத்தனார் 'உப்பு பூத்திருக்கு' என்றார். சரியாகத்தான் சொன்னார், கேட்டவர்கள் அதை அழகுக் குறையாக மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

சிலை வந்து இறங்கியபோது இரு பாதங்களிலிருந்தும் சாதா இரும்புக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. பீடத்தில் விட்டிருந்த குழிகளில் அதை இறக்கி, சிமெண்ட் பால் ஊற்றி மூடினார்கள். நீர் வடிய ஓட்டை இல்லை. பீடத்தின் மேல்தளத்துக்குச் சரிவும் இல்லை.

காற்றுக் கணக்கு அப்போது போடப்படவில்லை. பிற்பாடு போட்டதை இங்கே தருவது உதவும். காற்று விசைக்கான தர விதியான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின்படி இப்பகுதிக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர். அழுத்தம் 0.6 பெருக்கல் 39இன் வர்க்கம், சதுர மீட்டருக்குச் சுமார் 913 நியூட்டன். சிலையின் முகப்பு 1.6 சதுர மீட்டர், வடிவக் கெழு 1.3 என்று வைத்தால் விசை ஏறக்குறைய 1,900 நியூட்டன், அதாவது 190 கிலோ எடைக்குச் சமம். அது நடு உயரத்தில், 1.2 மீட்டரில் தள்ளினால் கணுக்காலில் கவிழ்விசை 2.3 கிலோநியூட்டன் மீட்டர். சிலையின் சொந்த எடை பாத விளிம்பைப் பற்றித் தாங்குவது சுமார் 0.9. மீதி முழுவதும் பிணைப்பின் வேலை. கணுக்காலுக்குள் இருக்கும் இரும்பை நம்பித்தான் சிலை நிற்கிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்துபோன மாவட்டத்தில் இந்தக் கணக்கை யாரும் கேட்காதது வியப்பு.

கண்ணில் பட்டவை

முதல் ஆடிக்குப் பிறகு இடது குதிகாலுக்குக் கீழே கிரானைட்டில் பழுப்புக் கோடு. கூட்டித் துடைக்க அமர்த்தப்பட்டவர் குளியலறை கழுவும் ஆசிட்டை ஊற்றித் தேய்த்தார். கோடு போயிற்று. ஆனால் அந்த ஆசிட் ஹைட்ரோகுளோரிக். தெறித்த இடமெல்லாம் வெண்கலத்தில் குளோரைடு ஏறியது. இரண்டு மாதத்தில் இளம்பச்சைத் தூள் கிளம்பியது.

செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இது அதேபோலத் தெரியும். இரண்டும் ஒன்றல்ல. கரும்பச்சையாக, வழுவழுப்பாக, ஒட்டிப் படியும் களிம்பு உலோகத்துக்குப் போர்வை. வெளிர்பச்சையாக, விரலில் ஒட்டும் தூளாக, அடியில் குழிபறித்து வருவது நோய்: குளோரைடு, ஈரம், காற்று மூன்றும் சேர்ந்தால் நிற்காமல் ஓடும். துடைத்தால் மறுபடி வரும்.

இரண்டாம் ஆண்டுப் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், பச்சையை மறைக்க யாரோ பொன் வண்ணம் அடித்தார்கள். அதில் பற்றுவாயில் இருந்த மயிரிழை விரிசலும் மறைந்தது. பிறந்தநாளன்று தோவாளைப் பூச்சந்தையிலிருந்து ஆளுயர மாலைகள் வந்தன. போடுபவர் இரும்பு ஏணியைச் சிலையின் உயர்த்திய கையில் சாய்த்து ஏறினார். ஈர மாலைகள் ஒரு வாரம் கழுத்திலேயே கிடந்தன. இரண்டில் உள்ளே கட்டுக்கம்பி இருந்தது, கழுத்தடியில் துருக்கோடு விழுந்தது.

மூன்றாம் ஆண்டு அதே ஏணியில் ஏறியவர்தான் 'சிலை ஆடுது' என்றார். மறுநாள் உயர்த்திய கையிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, இடுப்பில் கையால் தள்ளிப் பார்த்தார்கள். குண்டின் முனை 11 மில்லிமீட்டர் நகர்ந்தது. பாத விளிம்பில் தட்டினால் கணீரென்று ஒலிக்காமல் மொத்தென்று கேட்டது. உள்ளே தண்ணீர் நிற்பதற்கு அடையாளம். அது மாசி மாதம். தென்மேற்குப் பருவக்காற்றுக்கு மூன்று மாதம்தான் இருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

பட்டறைக்காரர் சொன்ன வழி, நின்ற நிலையிலேயே பாதத்தைச் சுற்றிக் கான்கிரீட் திட்டு கட்டிவிடுவது. ஒரே நாளில் முடியும், செலவும் குறைவு. ஆலோசனைக்கு வந்த பொறியாளர் மறுத்தார்: தண்ணீர் உள்ளே இருக்கும்வரை இரும்பு கரைந்துகொண்டே இருக்கும், திட்டு அதைக் கண்ணிலிருந்து மறைக்கும், அவ்வளவுதான். குழு ஏழுக்கு நான்கு என்று பிரிந்து, இறக்குவது என முடிவெடுத்தது.

அடுத்து, எப்போது இறக்குவது. அதிகாலை மூன்று மணிக்குச் சத்தமில்லாமல் முடித்துவிடலாம் என்றார்கள் சிலர். விடிந்ததும் வெறும் பீடத்தைப் பார்த்தால் ஊர் என்ன நினைக்கும் என்று மகன் கேட்டார். பத்து நாள் முன்பே பலகை வைத்து, காவல் நிலையத்துக்கு எழுதிக் கொடுத்து, ஞாயிறு காலை ஆறு மணிக்குக் குடும்பத்தார் நிற்க இறக்கினார்கள். வதந்தி கிளம்பவில்லை. இதைவிட முக்கியம், மீண்டும் அதே இடத்தில் அதே சிலையை வைக்கத் தடையில்லை என்று ஆட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே கடிதம் வாங்கியது. வாங்காமல் இறக்கியிருந்தால் புதிய சிலைக்கான அனுமதியை ஆரம்பத்திலிருந்து தேட வேண்டியிருக்கலாம்.

இறக்க ஹைட்ரா கிரேன் ஒன்று. அக்குளுக்கு அடியிலும் இடுப்பிலும் இரண்டு பாலியஸ்டர் பெல்ட். கழுத்திலோ உயர்த்திய கையிலோ பெல்ட் போடக்கூடாது, பற்றுவாய் விட்டுவிடும். குழாயை கிரைண்டரால் அறுக்கப் போனபோது இடது குழாய் பாதி சுற்றிலேயே தானாக ஒடிந்தது. மணல் மூட்டை அடுக்கி, மேலே மெத்தை விரித்துச் சிலையை மல்லாக்கப் படுக்க வைத்தார்கள்.

திறந்தபோது தெரிந்தது

இரண்டு கால்களிலும் முழங்கால்வரை உள்கரு எடுக்கப்படாமல் அப்படியே இருந்தது. ஈரம் ஊறிய அந்தச் சேறு இரண்டு சிமெண்ட் சாக்கு நிறைந்தது. கருவைத் தோண்டி எடுப்பது அலுப்பான வேலை. வெளியே தெரியாது என்பதால் பட்டறைகளில் விட்டுவிடுவது உண்டு. தண்ணீர் நுழைந்த வழி துண்டின் மடிப்புக்கு அடியில், கழுத்துப்பட்டைப் பற்றில் இருந்த ஊசித்துளைகள். அழகாக ராவுகிறேன் என்று அங்கே கிரைண்டர் கூடுதலாக ஓடியிருந்தது.

வெண்கலம், இரும்பு, உப்புநீர் மூன்றும் ஒன்றாகத் தொட்டுக்கொண்டால் அது ஒரு பேட்டரி, கரைவது இரும்பு. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடது பாதத்தின் பற்றைப் பிளந்தது அந்தத் துருதான். முகத்தில், கண்ணாடியில், துண்டில் ஒரு குறையும் இல்லை.

சரிசெய்த முறை

பொன் வண்ணத்தைக் குளோரின் கலக்காத வண்ணநீக்கி தடவி, மரச்சுரண்டியால் எடுத்தார்கள். கம்பி பிரஷும் மணல் வீச்சும் தடை. பச்சைத் தூளைக் கூர்மூங்கிலாலும் பித்தளை ஊசியாலும் குழிவரை சுரண்டினார்கள். கழுவியது பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில். குழாய்த் தண்ணீரில் கழுவினால் உப்பைக் கொடுத்து உப்பை வாங்குவதாகும். கழுவி வழிந்த நீரில் வெள்ளி நைட்ரேட் துளி விட்டுப் பார்ப்பது சோதனை: பால்போலக் கலங்கினால் குளோரைடு இன்னும் இருக்கிறது. பதினொன்றாம் கழுவலில்தான் தெளிந்தது. பொறுமையில்லாதவர்கள் நான்காவதோடு நிறுத்தியிருப்பார்கள்.

காய வைத்தபின் எரிசாராயத்தில் 3 விழுக்காடு பென்சோட்ரையசோல் (அரிப்பைத் தடுக்கும் ரசாயனம்), மூன்று பூச்சு, கையுறையும் முகமூடியும் போட்டு. மேலே, உலோகத்தைக் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக்கி மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு இரண்டு முறை; ஆறியதும் பருத்தித் துணியால் தேய்ப்பு. ஊசித்துளைகள் வெண்கலக் கம்பியால் மூடப்பட்டன.

உள்சட்டம் முழுவதும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கடைக்காரர்கள் 304ஐக் கொடுத்து 'ரெண்டும் ஒண்ணுதான்' என்பார்கள். 316இல் மாலிப்டினம் 2 முதல் 3 விழுக்காடு உண்டு, உப்புக்காற்றில் குழி விழாமல் காப்பது அதுதான். காந்தத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஆலைச் சான்றிதழ் கேட்க வேண்டும். இரு கால்களிலும் 60 மில்லிமீட்டர் குழாய், இடுப்பில் குறுக்குச் சட்டம், வெண்கலத்தைத் தொடும் இடங்களில் நைலான் புஷ். அடியில் 16 மில்லிமீட்டர் தகடு. பீடத்தில் நான்கு எம் 20 (20 மில்லிமீட்டர்) போல்ட், 300 மில்லிமீட்டர் ஆழம், எபாக்ஸி பிணைப்பு. ஒவ்வொரு உள்ளங்காலிலும் 10 மில்லிமீட்டரில் இரண்டு வடிகால் துளை. அதன் நேர்கீழே பீடத்தில் வெளிச்சரிவான வாய்க்கால். பீடத்தின் மேல்தளத்துக்கு 50க்கு 1 சரிவு.

கல்வெட்டும் மாறியது. 1931 என்று புதிதாக, கிரானைட்டிலேயே 3 மில்லிமீட்டர் ஆழத்தில் வெட்டப்பட்டது. ஒட்டும் உலோக எழுத்துகள் உப்புக்காற்றில் ஒவ்வொன்றாக விழும்; பெயரில் ஒரு புள்ளி விழுந்தாலும் ஊர் சிரிக்கும்.

விளைவும், மாற்ற வேண்டியவையும்

சிலை வைகாசி பிறக்கும் முன் மீண்டும் ஏறியது. அதே இடத்தில் கையால் தள்ளினால் தூக்குக்குண்டு அசைவது 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. செலவு, முதல் வார்ப்புச் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 316 குழாயையும் வடிகால் துளையையும் ஆரம்பத்திலேயே செய்திருந்தால் இதில் சிறு துண்டே ஆகியிருக்கும்.

இனி யாராவது செய்வதானால் ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை: உள்கரு முழுவதும் எடுக்கப்பட்டது என்று மூடுமுன் படம், உள்சட்டத்தின் உலோக ரகமும் சான்றிதழும், வடிகால் துளைகளின் இடம், பொறியாளர் கையெழுத்திட்ட காற்றுக் கணக்கு. கடைசித் தவணை இவற்றுக்குப் பிறகே. குழு பட்டறைக்குப் போகும் மூன்று பயணத்தில் ஒன்று, பாதம் மூடப்படும் நாளில் இருக்க வேண்டும். திறப்பு நாளைப் பீடம் இறுகி 28 நாள் கழிந்த பிறகே அச்சடிக்கலாம். பொறுப்பாளரை நியமிக்காமல் சிலையைத் திறக்கக்கூடாது; ஆசிட்டும் பொன் வண்ணமும் கெட்ட எண்ணத்தில் வந்தவை அல்ல, கேட்டுச் செய்ய ஆளில்லாததால் வந்தவை.

மாலைக்குப் பீடத்தின் முகப்பில் ஸ்டெயின்லெஸ் கொக்கி வைத்திருக்கிறார்கள். கழுத்தில் ஒரே மாலை, வாழைநார் கட்டு, அன்று மாலையே இறக்கம். இது எழுதிப் போட்டால் நடக்காது. பழைய ஏணியைப் படிப்பகத்துக்குள் பூட்டி, தானே நிற்கும் அலுமினிய ஏணி வாங்கிய பிறகுதான் நடந்தது.

மெழுகு ஆண்டுக்கு ஒருமுறை, மழை ஓய்ந்து வெயில் ஏறும் பிப்ரவரியில். இரண்டாம் பிப்ரவரிச் சோதனையில் வடிகால் துளைகள் திறந்திருந்தன, கிரானைட்டில் பழுப்பு இல்லை. இடது குதிகாலின் பின்புறம், ஆசிட் தெறித்திருந்த இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெளிர்பச்சை மறுபடி கிளம்பியிருந்தது. சுரண்டி, கழுவி, பென்சோட்ரையசோல் பூசி, மெழுகிட்டார்கள். மற்ற இடங்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை என்றால் அந்த இடத்தை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, பொறுப்பாளரின் நோட்டில் குறிக்கிறார்கள்.